மேற்கோள் கணக்கும் மூன்று மாத்திரையும்

குறுவை அறுவடை நடக்கிற நாட்களில் தஞ்சாவூர்ப் பக்கம் கல்லூரி வாசல்களில் பிளக்ஸ் முளைக்கும்: "உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகளில் எங்கள் பேராசிரியர்!" சந்தோஷமான செய்திதான். ஆனால் அதையொட்டிக் கிளம்பும் நம்பிக்கைகளில் சிலவற்றை உதற வேண்டியிருக்கிறது. டெல்டாவுக்குப் பழக்கமான யானைக்கால் நோயையே உரைகல்லாக வைத்துக்கொள்வோம்.

நம்பிக்கை: அது ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் தரும் விருது.

விருதும் இல்லை, தேர்வுக் குழுவும் இல்லை. ஸ்டான்போர்டின் ஜான் அயோனிடிஸும் அவருடைய குழுவினரும் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தை வைத்துப் போடும் மேற்கோள் கணக்கு அது. முதலில் வெளிவந்தது 2019-ல். வாழ்நாள் கணக்கு ஒன்று, ஓராண்டுக் கணக்கு ஒன்று என இரண்டு பட்டியல்கள் உண்டு. எதில் பெயர் வந்தது என்று பிளக்ஸில் போட மாட்டார்கள். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டிக்கொண்டதைக் கழித்தால் ஒருவர் எத்தனையாவது இடத்துக்கு இறங்குகிறார் என்பதும் அதே அட்டவணையில் இருக்கிறது. அந்த எண்ணையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

நம்பிக்கை: அதிக மேற்கோள் பெற்றதே பெரிய கண்டுபிடிப்பு.

எல்லப்பிரகட சுப்பாராவை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போனவர். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை நிறத்தைக் கொண்டு அளக்கும் முறையை 1925-ல் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து வெளியிட்டார். அந்த அளவு தேவைப்பட்ட சோதனைச்சாலையெல்லாம் அந்தக் கட்டுரையைச் சுட்டியது. உயிர்வேதியியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் அதுவும் ஒன்று. 1947-ல் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இருந்த குழு, டைஎத்தில்கார்பமசின் என்ற மருந்து யானைக்கால் புழுவின் உறவுப் புழுக்களிடம் வேலை செய்வதை எலியிலும் நாயிலும் காட்டியது. நம் ஊரில் டி.இ.சி. மாத்திரை என்றால் அதுதான். அதைச் சொன்ன கட்டுரையில் சக ஆய்வாளர் ஹெவிட்டின் பெயர் முதலில், சுப்பாராவின் பெயர் கடைசியில். மேற்கோள் எண்ணிக்கையில் அது பாஸ்பரஸ் கட்டுரையின் பக்கத்தில்கூட நிற்காது. முறையைச் சொல்லும் கட்டுரைக்கு எப்போதும் இந்தச் சலுகை உண்டு. உலகிலேயே அதிக மேற்கோள் பெற்றதாகப் பெயர் பெற்ற லோரியின் 1951 கட்டுரையும் புரதத்தை அளக்கும் ஒரு வழிமுறைதான்.

நம்பிக்கை: மேற்கோள் காட்டினால் பாராட்டியதாக அர்த்தம்.

தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயத்தைக் கிளப்பிய வேக்ஃபீல்டின் 1998 லான்செட் இதழ்க் கட்டுரை 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. தவறு என்று சொல்வதற்காகவே அதைச் சுட்டியவர்கள் ஏராளம். கணக்குக்கு அதுவும் மேற்கோள்தான்.

நம்பிக்கை: ஹெச்-இண்டெக்ஸ் தெரிந்தால் ஆளைத் தெரியும்.

2005-ல் இதைக் கொண்டுவந்த ஹோர்கே ஹிர்ஷ் இயற்பியல்காரர். ஒருவருடைய எண் 20 என்றால், குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 20 அவரிடம் இருக்கின்றன. அவற்றில் ஒன்று 2,000 மேற்கோள் பெற்றிருந்தாலும் எண் நகராது. இந்த எண் ஏறும், இறங்காது. ஓய்வுபெற்ற பிறகும் ஏறும். நோயெதிர்ப்பியல் போன்ற கூட்டமான துறையில் இருப்பவரையும் கணிதக்காரரையும் இதை வைத்து ஒப்பிடுவது வீண் வேலை. பத்துப் பேர் பெயர் போட்ட கட்டுரையில் நடுவில் நிற்பவருக்கும், சோதனையை முன்நின்று செய்த முதல் பெயருக்கும் இதில் ஒரே கூலி.

எண்ணை விட்டுவிட்டுக் கட்டுரையைப் படித்தால் என்ன கிடைக்கும்? இன்னொரு நம்பிக்கையைப் பாருங்கள். கால் வீங்கியவர் உடம்பில்தான் புழு இருக்கிறது, நமக்கெதற்கு மாத்திரை?

சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த வி. குமாரசாமி, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் எரிக் ஆட்டிசன், தாமஸ் நட்மன் முதலியோர் 1992-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். (காசநோய் மையத்தில் யானைக்காலுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், வேலை நடந்தது.) ரத்தத்தில் யானைக்கால் புழுவின் குஞ்சான நுண்புழு திரிபவர்களிடம் அந்தப் புழுவை அடையாளம் கண்டு எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைவு, யானைக்கால் வந்தவர்களிடம் அதிகம். அதாவது உடம்பு புழுவைச் சகித்துக்கொண்டவர் பார்வைக்கு நன்றாக இருப்பார், ஆனால் நோயைப் பரப்பும் கொசுவுக்குத் தீனி தருபவர் அவர்தான். கால் வீங்கியவரின் ரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழுவே அகப்படாது. நம் பக்கத்து நுண்புழு பெரும்பாலும் ராத்திரியில்தான் ரத்தத்தில் உலாவும் என்பதால், சோதனைக்காரர்கள் தூங்குகிறவர்களை எழுப்பி விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துப் போனார்கள்.

நோயை ஒழிக்க உலக சுகாதார மன்றம் 1997-ல் தீர்மானம் போட்டது. டெல்டா மாவட்டங்களில் நோயாளி, நோயில்லாதவர் என்று பார்க்காமல் வீடு வீடாகப் பெரியவர்களுக்கு ஆளுக்கு மூன்று டி.இ.சி. மாத்திரை கொடுத்தார்கள். "எனக்கென்ன கால் வீங்கியா இருக்கு, அப்புறம் போட்டுக்கிறேன்" என்று மடியில் முடிந்துகொண்டவர்கள் நிறையப் பேர். கண்ணெதிரே விழுங்க வைத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று சுகாதாரப் பணியாளர்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது.