அறுபதாம் பிறந்தநாளும் வெந்நீர் ஊற்றும்

'கூழானாலும் குளித்துக் குடி' என்பது நம்மவர் பழமொழி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவில் பிறந்தவர்களுக்கு இது அவ்வளவு எளிதன்று. விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் ஊசியாய்க் குத்தும். நான் தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு ஆண்டுகளும் அம்மா நான்கு மணிக்கே எழுந்து, வீட்டுக்குப் பின்னால் விறகு மூட்டி வெந்நீர் போடுவார். முதலில் அப்பா குளிப்பார், பிறகு நாங்கள் மூவர். கடைசியில் அம்மாவின் முறை வரும்போது பாத்திரத்தில் வெந்நீர் இருக்காது.

2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அப்பாவுக்கு அறுபது வயது நிறைந்தது. அதை எப்படிக் கொண்டாடுவது என்று நாங்கள் யோசித்தபோது ஜப்பானியரின் ஒரு வழக்கத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததையும் பட்டறிந்ததையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் ஜப்பான் என்று நண்பர்கள் கேட்கலாம். கேமரன் மலைக்கு ஜப்பானிய முதியோர் வந்து வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்குவது பல காலமாக இருந்து வரும் வழக்கம். தங்கள் நாட்டுக் கோடையின் புழுக்கத்திலிருந்து தப்பிக்க அவர்களுக்கு இம்மலை ஏற்ற இடம். தானா ராத்தா கடைத்தெருவில் தொப்பியும் கைத்தடியுமாக அவர்கள் நடந்து போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

ஒரு சுற்று முடிகிறது

ஜப்பானியர் அறுபதாம் பிறந்தநாளைக் 'கன்ரெகி' என்பார்கள். 'நாட்காட்டி திரும்பி வருதல்' என்பது அதன் பொருள். சீனாவிலிருந்து அவர்கள் பெற்ற ஆண்டுக் கணக்கில் பத்துத் தண்டுகளும் பன்னிரண்டு கிளைகளும் உண்டு. எலி, மாடு, புலி என்று நாமும் கேள்விப்படும் விலங்குகள் அந்தப் பன்னிரண்டு கிளைகளுக்கு உரியவை. இரு வரிசைகளும் ஒன்றாக நகரும்போது, தொடங்கிய இணையே மீண்டும் வர 60 ஆண்டுகள் ஆகும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 60 என்று கணக்குப் பாடத்தில் படித்தோமே, அதே விதிதான்.

நம்மிடமும் பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுப் பெயர்கள் உள்ளன. வியாழன் சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகளும், சனி ஏறத்தாழ 30 ஆண்டுகளும் எடுத்துக்கொள்கின்றன. வியாழனின் ஐந்து சுற்றும் சனியின் இரண்டு சுற்றும் சேருமிடம் 60. அப்பா பிறந்தது 1964இல், குரோதி ஆண்டில். 2024 சித்திரையில் மீண்டும் குரோதி பிறந்தது. ஜப்பானியர் கணக்கில் 1964உம் 2024உம் டிராகன் ஆண்டுகள். கணக்கு முறை வேறானாலும் இரு மக்களும் அறுபதில்தான் வந்து நிற்கிறார்கள்.

அறுபதைக் கடந்தவர் மறுபடியும் குழந்தை ஆகிறார் என்பது கன்ரெகியின் கருத்து. அதனால் அவருக்குச் சிவப்புத் தொப்பியும் 'சான்சான்கோ' எனப்படும் கையில்லாத சிவப்பு மேலாடையும் அணிவிப்பார்கள். பச்சிளங்குழந்தைகளைத் தீங்கிலிருந்து சிவப்பு நிறம் காக்கும் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. நாம் மணிவிழாவில் தம்பதியரை உட்கார வைத்துக் கலச நீரை ஊற்றுகிறோம், மீண்டும் தாலி கட்டச் செய்கிறோம், ஆரத்தி எடுக்கிறோம். இதற்காகவே தமிழகத்தின் திருக்கடையூருக்குச் சென்று வரும் மலேசியக் குடும்பங்களும் உண்டு. இரண்டு சடங்குகளும் ஒன்றைத்தான் சொல்கின்றன: இதுவரை நீங்கள் எங்களைக் குளிப்பாட்டினீர்கள், இனி எங்கள் முறை.

பிறந்தநாள் என்பதே புதியது

"எனக்கு ஏதுடா பொறந்தநாளு?" என்றுதான் அப்பா எப்போதும் சொல்வார். தோட்டப்புறத்துப் பெரியவர்கள் பலரும் இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதைப் பின்தங்கிய பேச்சென்று நான் நினைத்ததுண்டு. ஜப்பானிலும் இதே நிலைமை இருந்தது என்று அறிந்தபோது வியப்பாக இருந்தது. அங்கே பழைய முறைப்படி பிறந்த குழந்தைக்கு வயது ஒன்று. பிறகு ஒவ்வொரு புத்தாண்டிலும் ஊரில் எல்லாருக்கும் ஒன்றாக ஒரு வயது கூடும். ஆகவே தனித்தனிப் பிறந்தநாளுக்கு அங்கே பெரிய இடம் இருக்கவில்லை. நிறைந்த ஆண்டைக் கணக்கிடும் முறையைப் பரவலாக்கிய சட்டம் 1950 ஜனவரி முதல் நாள்தான் நடைமுறைக்கு வந்தது.

அப்படிப்பட்ட சமுதாயம் அறுபதை மட்டும் விட்டுவிடவில்லை. அங்கே இன்று பிள்ளைகள் சேர்ந்து பணம் போட்டுப் பெற்றோரை வெந்நீர் ஊற்று விடுதிக்கு ஒருநாள் அழைத்துச் செல்வது பரவலான வழக்கம். சிவப்பு மேலாடையை இரவலாகக் கொடுக்கும் விடுதிகளும் இருக்கின்றன. பேரப்பிள்ளை முதல் பாட்டி வரை எல்லாரும் 'யுகாதா' எனும் பருத்தி அங்கியை உடுத்தி, பாய் விரித்த அறையில் ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்குவார்கள். இத்தகைய விடுதிகளின் மரபும் மிகப் பழையது. யமனாஷி மாநிலத்தில் 705ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதாகச் சொல்லப்படும் விடுதி உலகின் மிகப் பழைய தங்கும் விடுதி என்று கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றுள்ளது.

நீரில் இறங்கும் முன்

ஜப்பானியர் இந்த ஊற்றுகளை 'ஒன்சென்' என்கிறார்கள். அவர்களுடைய 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி நீர் ஊற்றெடுக்கும் இடத்தில் 25 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட 19 பொருள்களில் ஒன்றையாவது உரிய அளவில் கொண்டிருக்க வேண்டும். குசாட்சு என்ற ஊரில் ஊற்று நீர் மிகவும் சூடானது. பச்சைத் தண்ணீர் கலந்தால் அதன் தன்மை குறையும் என்று நீண்ட பலகைகளால் கிளறி ஆற்றுவார்கள். சூடான தேநீரை நாம் ஆற்றிக் கொடுப்பது நினைவுக்கு வருகிறது.

அங்கே சில ஒழுங்குகள் உண்டு. சிறு முக்காலியில் உட்கார்ந்து சவர்க்காரம் தேய்த்து, உடலை நன்றாகக் கழுவிய பிறகே குளத்தில் இறங்க வேண்டும். குளத்துக்குள் சவர்க்காரம் கூடாது. துண்டு நீரில் படக்கூடாது. நீண்ட கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். குளம் அழுக்குப் போக்கும் இடமன்று, உடலை ஆற்றும் இடம். பொதுவாக ஆண்களும் பெண்களும் தனித்தனியே ஆடையின்றிக் குளிப்பார்கள். கூச்சமுள்ள குடும்பங்கள் ஒரு மணி நேரம் போல வாடகைக்கு எடுத்துக்கொள்ளத் தனிக் குளியலறைகளும் உண்டு.

பெரியவர்களை அழைத்துச் செல்வோர் ஓர் எச்சரிக்கையையும் அறிய வேண்டும். சூடான நீரில் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் இறங்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். எனவே 41 பாகைக்கு மேற்படாத நீரில் 10 நிமிடத்துக்குள் குளித்து முடிக்குமாறு ஜப்பானிய அரசின் நுகர்வோர் துறை அறிவுறுத்துகிறது. சாப்பிட்டவுடனும் மது அருந்திய பின்னும் இறங்கக்கூடாது. இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முழுக்க இறங்க இயலாதவர்களுக்கு 'அஷியு' இருக்கிறது. அதாவது, உடையோடு உட்கார்ந்து முழங்கால் வரை மட்டும் நனைக்கும் கால் குளியல்.

எங்கள் குடும்ப தினம்

ஜப்பானுக்குப் போக எங்களிடம் வசதி இல்லை. ஆனால் வெந்நீர் ஊற்றுக்கு ஜப்பான்தான் போக வேண்டும் என்பதில்லையே. மேற்கு மலேசியாவில் எரிமலை கிடையாது. மழைநீர் கருங்கல் மலைகளின் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தால் சூடாகி மேலே வருகிறது. பேராக்கில் சுங்காய் அருகேயுள்ள சுங்கை கிளா, ஈப்போவை ஒட்டிய தம்புன் ஆகியவை பலரும் அறிந்தவை. சபாவின் போரிங் ஊற்றில் குளியல் தொட்டிகளை முதலில் அமைத்தவர்கள் இரண்டாம் உலகப் போரின்போது அங்கிருந்த ஜப்பானியரே.

அறுபது என்பது எங்கள் வீட்டில் மகிழ்ச்சியை மட்டும் கொண்டுவரவில்லை. அறுபதில் அப்பாவின் வேலையும் முடிந்தது. தோட்ட வீடு வேலையோடு சேர்ந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியும். முப்பத்தைந்து ஆண்டுகள் கவாத்துக் கத்தி பிடித்தவர் அந்த வாரம் முழுதும் யாரிடமும் அதிகம் பேசவில்லை. மண்டபம் எடுத்து விருந்து வைக்கலாம் என்றார் அண்ணன். "வர்றவங்க எல்லாம் எங்க குடி போறீங்கன்னுதான் கேப்பாங்க" என்றார் அப்பா. அதற்கு மேல் நாங்கள் வற்புறுத்தவில்லை.

காலையில் தானா ராத்தா கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, வாடகை வேனில் தாப்பா வழியாக இறங்கி ஓர் ஊற்றுக்குச் சென்றோம். அக்காள் சிவப்புத் துண்டு ஒன்றை வாங்கி வந்து அப்பாவின் தோளில் போட்டார். அப்பாவுக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் கால் குளியல் மட்டுமே. காற்சட்டையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தேயிலைச் சரிவுகளில் ஏறி இறங்கிய அந்தக் கால்களை நான் அன்றுதான் கவனித்துப் பார்த்தேன். நகங்கள் கறுத்திருந்தன, கணுக்கால் வீங்கியிருந்தது. அண்ணனும் நானும் இரு பக்கமும் அமர்ந்து அவற்றைத் தேய்த்துவிட்டோம். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஈப்போவில் அண்ணன் பார்த்து வைத்திருக்கும் வீட்டில் எத்தனை அறை என்று அவராகவே கேட்டார்.

அம்மா அருகில் உட்கார்ந்து காலை நனைத்தபடி, "இன்னிக்கு யாரும் அடுப்பு மூட்டல" என்றார். ஜப்பானியர் பிறந்தநாளுக்கு ஏன் வெந்நீரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எத்தனையோ ஆண்டுகளாக மற்றவர்களுக்காக நீர் காய்ச்சியவர், ஒருநாளாவது தாம் காய்ச்சாத வெந்நீரில் அமர வேண்டும்.

நண்பர்களே, உங்கள் பெற்றோர் எந்தத் தமிழ் ஆண்டில் பிறந்தார்கள் என்று இந்த விடுமுறையில் கேட்டுப் பாருங்கள். அந்த ஆண்டு எப்போது திரும்பி வருகிறது என்று கணக்கிடுங்கள். மண்டபமும் அணிச்சலும் இல்லாவிட்டாலும் குறையில்லை. ஒரு வாளி வெந்நீரும், எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் இருக்கும் ஒருநாளும் போதும். எங்கள் வீட்டில் அடுத்த அறுபது அம்மாவுடையது. அன்று வெந்நீர் போடப் போவது நான்.