வெளுத்த பம்பருக்கு மறுபடியும் கறுப்பு

கேள்வி: என்னுடைய 2008 மாருதி 800 காரின் பெயின்ட் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கறுப்பு பம்பரும் சைடு மிரர் கூடும் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டன. மெக்கானிக் டீசல் தடவச் சொல்கிறார். தடவலாமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: வேண்டாம். டீசல் தடவினால் அன்றைக்குப் பளபளக்கும். பிறகு தூசி அப்பிக்கொள்ளும். பக்கத்து ரப்பர் பீடிங்கும் ஊறிக் கெடும்.

பெயின்ட் அடிக்காத பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை வெயிலின் புறஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன; வெளுப்பு அதனால்தான். உள்ளே கறுப்பு அப்படியே இருக்கிறது. ஆகவே பம்பரை மாற்ற அவசரப்படாதீர்கள்.

கார் ஷாம்பூ போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் சொரசொரப்பின் இடுக்கெல்லாம் தேயுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் அழுக்கு ஒட்டக் கூடாது, அதுவரை விடாதீர்கள். நன்றாகக் காய்ந்ததும் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நிழலில் வைத்து, வெளுத்த பிளாஸ்டிக்குக்கான டிரிம் ரெஸ்டோரர் பூச்சை மெல்லிசாகப் பூசுங்கள். இதில் சாதாரண சிலிக்கான் டிரெஸ்ஸிங் வகை சில மழையிலேயே போய்விடும். செராமிக் கோட்டிங் வகை பல மாதம் தாங்கும்.

ஹீட் கன் காட்டினாலும் கறுப்பு திரும்பும். ஆனால் கொஞ்சம் தாமதித்தாலும் பிளாஸ்டிக் உருகிவிடும். பழக்கமில்லாதவர்கள் தொடவே வேண்டாம்.

எதற்கும் மசியாத அளவுக்கு வெளுத்திருந்தால், 600 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் அடித்து, மேட் பிளாக் ஸ்ப்ரே அடிப்பதே வழி.

இனி பாடிக்கு வாக்ஸ் போடும்போதும் பம்பர் ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். வாக்ஸ் பட்ட இடம் வெள்ளைத் திட்டாகிவிடும்.