காற்றை அளந்த அம்மையார்

“ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்” என்பது பழமொழி. பாலக்காட்டுக் கணவாயின் வழியே புகும் தென்மேற்குப் பருவக் காற்று, திருப்பூர் மாவட்டத்துத் தாராபுரம், மூலனூர் முதலிய ஊர்களின் வறண்ட வெளியில் ஆனி, ஆடித் திங்களில் கடுகி வீசும். ஆங்கே முருங்கைத் தோட்டங்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் இடையே காற்றாலைகள் நெடிது நின்று சுழல்கின்றன. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலதிபர் பலர் இத்தகைய காற்றாலைகளில் முதலீடு செய்துள்ளனர். கண்ணுக்குப் புலனாகாத காற்றின் ஆற்றலை நம் நாட்டில் முறையாக அளந்து காட்டியவருள் தலைசிறந்தவர் அன்னா மணி அம்மையார் ஆவார்.

அவர் 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23-ஆம் நாள் திருவிதாங்கூரைச் சேர்ந்த பீருமேட்டில் பிறந்தார். எட்டாம் பிறந்தநாளன்று பெற்றோர் வைரத்தோடு அளித்தனர். சிறுமியோ அதனை மறுத்துக் கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டுப் பெற்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்று 1939-இல் பட்டம் பெற்றார். பின்னர்ப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி மேற்கொண்டார். அணிய மறுத்த வைரமே அங்கே அவருக்கு ஆய்வுப் பொருளாயிற்று. வைரமும் மாணிக்கமும் உமிழும் ஒளியைப் படம் பிடிக்கப் பதினைந்து, இருபது மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவர் சலியாது உழைத்து ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். எனினும், முதுகலைப் பட்டம் இல்லை என்னும் காரணங்காட்டி அவருக்கு ஆராய்ச்சிப் பட்டம் மறுக்கப்பட்டது.

அம்மையார் மனந்தளர்ந்தாரல்லர். 1945-இல் உதவிச் சம்பளம் பெற்று இங்கிலாந்து சென்றார். வானிலைக் கருவிகளைப் பற்றிப் பயிலும் வாய்ப்பே அப்போது கிடைத்தது. அதனையே விரும்பி ஏற்றார். 1948-இல் தாயகம் திரும்பிப் பூனாவிலிருந்த வானிலைத் துறையில் சேர்ந்தார். அந்நாளில் எளிய கருவிகளும் அயல்நாட்டிலிருந்தே வந்தன. ஏறத்தாழ நூறு கருவிகளுக்குத் திருத்தமான வரைபடங்கள் அமைத்து, அவற்றை இங்கேயே செய்விக்க அவர் வழிவகுத்தார். பிழைபட அளப்பதைவிட அளவாதிருத்தலே நன்று என்பது அவர் கொள்கை. 1957, 1958-ஆம் ஆண்டுகளில் உலக நாடுகள் ஒருங்கே நடத்திய புவிப் பௌதிக ஆய்வின்போது, ஞாயிற்றின் வெப்பக் கதிர்களை அளக்கும் நிலையங்களை நாட்டின் பல பகுதிகளில் நிறுவினார்.

1976-இல் துணைத் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றார். ஆயினும் அவர் உழைப்பு ஓயவில்லை. நிலக்கரி எரிவதால் எழும் கரியமில வாயு புவியின் வெப்பத்தைப் பெருக்குகின்றது. ஞாயிறும் காற்றும் தரும் ஆற்றலுக்கு அக்குறை இல்லை. அவ்வாற்றல் எங்கே எவ்வளவு கிடைக்கும் என்று கணிப்பதில் அம்மையார் ஈடுபட்டார். ஞாயிற்றின் கதிர்வீச்சைப் பற்றி 1980, 1981-ஆம் ஆண்டுகளிலும், காற்றின் ஆற்றலைப் பற்றி 1983-இலும் அவருடைய அளவை நூல்கள் வெளிவந்தன. நாடெங்கும் 700-க்கு மேற்பட்ட இடங்களில் காற்றை அளக்கும் பணியையும் அவர் நடத்தினார்.

இத்துணைத் திருத்தம் எதற்கு? காற்றின் விரைவு இருமடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். ஆதலின், விரைவை நூற்றுக்கு 10 மிகையாக அளந்துவிட்டால், ஆற்றலை நூற்றுக்கு 33 மிகையாகக் கருத நேரிடும். அக்கணக்கை நம்பிப் பெரும்பொருள் செலவிட்டு நிறுவிய ஆலை எதிர்பார்த்த பயனைத் தராது. கருவியிற் புகுந்த சிறுபிழை முதலிட்டவரின் பெருநட்டமாக முடியும்.

1986-இல் தூத்துக்குடி, ஓக்கா, இரத்தினகிரி ஆகிய கடற்கரைப் பகுதிகளில் நம் நாட்டின் முதற் காற்றாலைப் பண்ணைகள் எழுந்தன. இன்று காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கின்றது. அம்மையார் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார். பட்டம் மறுக்கப்பட்டவரின் அளவைகள் நாட்டிற்குப் பயன்பட்டன. மூலனூர் வெளியில் சுழலும் காற்றாலையைக் காணும் மாணவர், அதற்கு முன்னரே அத்தகைய இடங்களில் ஒரு சிறு கருவி நாள்தோறும் காற்றைப் பிழையின்றி அளந்து நின்றதையும் நினைதல் வேண்டும்.