ஜீப்புக்குப் பின் பிரேக் போடுமுன்

பின் பிரேக் ஷூ மாற்றுவது வீட்டு வாசலிலேயே நாம் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் வண்டி பழைய ஜீப் என்றால் ஒரு விஷயம் கவனிக்கணும்.

1953-இல் வந்த வில்லிஸ் சி.ஜே.3பி போன்ற ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்னால் இருந்து புரொப்பல்லர் ஷாப்டைப் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் என்ன ஆகும்? ஷாப்ட் நின்றாலும் டிபரென்ஷியல் சும்மா இருக்காது. தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரைச் சக்கரம் எதிர்ப்பக்கம் உருளும். ஏறக்குறைய ஒரு டன் வண்டி ஜாக்கியை விட்டு இறங்கிடும். பரீட்சைக்குப் படித்த டிபரென்ஷியல் பாடம் நம்ம காலைக் காக்கும் இடம் இதுதான்.

எங்க வீட்டு ஜீப்புக்கு நான் செய்யும் முறை: சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பேன். தூக்கியதும் ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைப்பேன். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். ஸ்பிரிங் எந்தத் துளையில் என்று பார்க்க மாதிரி வேணுமே! டிரம் கழன்றிருக்கும்போது பெடலை யாரும் மிதிக்கக் கூடாது, வீல் சிலிண்டர் பிஸ்டன் வெளியே வந்துடும். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஊதாதீங்க, ஈரத்துணியால் துடையுங்க.

பெடல் கெட்டியாக நின்ற பிறகே வண்டியைத் தெருவில் இறக்குங்க.