முதலில் மிதத்தல், பின்னரே நீந்தல்

2014-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் அந்தமானில், ராஸ் தீவின் அருகே சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்தது. அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிச் சென்ற அப்படகில் இருந்தோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து தீவைக் காணச் சென்றவர்கள். படகின் குறை ஒருபுறம் இருக்க, நீரில் விழுந்தவன் முதல் ஐந்து நிமிடம் செய்யத்தக்கது யாது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பித்திருக்கிறோமா?

நம் ஊர்க் கிணற்றில் நீச்சற் பாடம் எவ்வாறு நடந்தது என்பதை நண்பர்கள் அறிவர். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மாமன் மேலிருந்து தள்ளிவிடுவார். அம்முறையில் நீந்தக் கற்றவரும் உண்டு. தண்ணீரென்றாலே நடுங்குபவரும் உண்டு. கைவீச்சு, கால்வீச்சு பிறகு வரட்டும். முதலில் வேண்டுவது மல்லாந்து மிதத்தல்.

நுரையீரல் நிறையக் காற்றிருந்தால் மனித உடல் மிதக்கும். உப்புநீரில் இன்னும் எளிதாக மிதக்கும். பின் ஏன் மூழ்குகிறோம்? அச்சத்தால் கைகளை மேலே தூக்குகிறோம். நீருக்கு வெளியே வந்த கையின் எடை தலையைக் கீழே அழுத்துகிறது. ஆகவே பிள்ளையை அதன் மார்பளவுத் தெளிந்த நீரில் நிறுத்தி, முதலில் வாயால் நீருக்குள் காற்றை ஊதச் செய்க. பின்பு பிடரியில் உள்ளங்கையைத் தாங்கிப் படுக்க வைக்க. காது நீருக்குள், மோவாய் மேலே, வயிறு உயர்ந்து இருத்தல் வேண்டும். கையைச் சிறிது சிறிதாக விலக்குக. இது கைவந்தபின், உடுத்த உடையோடு விழுந்து, புரண்டு மல்லாந்து, கரையைப் பற்றப் பழக்குக.

வங்காள தேசத்தில் சிற்றூர்க் குளங்களில் மூங்கில் மேடை கட்டி, 4 வயது முதல் இவ்வாறு கற்பிக்கின்றனர். 25 மீட்டர் நீந்துவதும் 30 விநாடி மிதப்பதும் அங்குத் தேர்ச்சி. அதனினும் இளைய குழந்தைக்குப் பெரியோர் கண்ணே காவல்.

அந்தமானில் இடத்தேர்வும் பாடத்தின் ஒரு பகுதி. கழிமுகங்களில் முதலை உண்டு, அங்கு இறங்கலாகாது. கடல் திடீரென உள்வாங்கினால் நீச்சலை மறந்து மேட்டுக்கு ஓட வேண்டும். 2004-இல் ஓங்கே மக்கள் அவ்வாறே பிழைத்தனர்.

தோழன் தத்தளிக்கக் கண்ட பிள்ளை பின்னால் குதித்தலாகாது. கூவி ஆள் சேர்த்து, கரையில் படுத்துக்கொண்டு கழியை நீட்டுக. கழி இல்லையேல், மூடியிட்ட வெறும் கேனை எறிக.