சொல்லும் ஒரு தருமம்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது, தத்துவம் எழுத நமக்குத் தகுதி போதாது என்று ஒதுங்கப் பார்த்தேன். "உங்களுக்குத்தான் சொல் பைத்தியம் உண்டே, அதை எழுதுங்கள் சார்" என்றார்கள். தம்போய்வாசியைப் பார்த்துச் சொல்லும் பேச்சா இது? வெளியூரில் நம் ஊர்ப் பெயரைச் சொன்னால், "உள்ளேயா, வெளியேயா?" என்று கேட்டுச் சிரிப்பவர்கள் இன்றும் உண்டு. இங்குள்ள பெர்மாய் மனநல மருத்துவமனை அத்தனை பிரசித்தம். நோயுற்றோர்க்கு ஆறுதல் தரும் இடம் கேலிப் பேச்சானது வருந்தத்தக்கதே.

உண்மையில் தம்போய் என்பது ஒரு பழமரத்தின் பெயர். தடித்த தோல், உள்ளே வெண்ணிறச் சுளை. மரத்தின் பெயரை ஊருக்கு வைப்பது நமக்குப் புதிதல்ல. ஆலங்குடியும் புளியங்குடியும் அப்படி வந்தவைதாமே? மலாக்காவும் ஒரு மரப்பெயரே. அது நெல்லி மரம். 'ஆமலகம்' என்னும் வடசொல்லின் வழி வந்த பெயர் என்பர். ஆக, மலாக்காவை நாம் நெல்லிக்குப்பம் என்று அழைத்தாலும் பெரிய பிழையில்லை!

படிவத்தில் ஒளிந்திருப்பவை

ஆண்டுதோறும் ஆலய நிர்வாகக் குழுவின் பெயர்களை மலாய்ப் படிவத்தில் நிரப்புகிறோம். செயலாளருக்கு அதில் 'செத்தியா உசாஹா' என்று பெயர். 'சத்திய', 'உத்சாக' என்னும் இரு வடசொற்களின் பிள்ளைகள் இவை. நம் செயலாளர்கள் சத்தியத்தோடும் உற்சாகத்தோடும் உழைக்கவேண்டும் என்று படிவமே சொல்லிவிடுகிறது. பொருளாளர் 'பெண்டஹாரி'. பொருள் சேமித்து வைக்கும் இடமாகிய 'பாண்டாகாரம்' இதன் மூலம். கோயில் கருவூலத்தைக் குறிக்கும் நம் 'பண்டாரம்' இதற்கு உடன்பிறப்பு. தலைவர் மட்டும் 'பெங்கெருசி'. அதற்குள் இருப்பது 'குர்சி' என்னும் அரபுச் சொல். நாற்காலி என்று பொருள். செயலாளருக்குச் சத்தியம், பொருளாளருக்குப் பண்டாரம், தலைவருக்கு நாற்காலி! இதற்குமேல் விளக்கம் எழுதினால் அடுத்த பொதுக்கூட்டத்தில் எனக்குத்தான் சிக்கல்.

மருத்துவமனைக்குப் போனால் இரத்த தானத்தை 'டெர்மா டாரா' என்று எழுதியிருப்பார்கள். 'டெர்மா' நம் தருமமே. மலாயில் அதற்கு நன்கொடை என்றே பொருள்.

கடை, கப்பல், முதல்

மேற்சொன்னவை வடமொழி வழி வந்தவை. தமிழிலிருந்து சென்றவையும் உண்டு. கடை 'கெடாய்' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. வணிகத்திற்குப் போடும் முதல் 'மோடால்' ஆயிற்று. வகை 'பாகாய்', பெட்டி 'பெத்தி', கட்டில் 'காத்தில்'.

இச்சொற்களின் குணத்தைச் சற்றுக் கவனியுங்கள். கப்பலில் வந்து, முதல் போட்டு, கடை வைத்து, வகைவகையாகச் சரக்கு விற்றவர்களின் சொற்கள் இவை. 'நாம் ரப்பர் காட்டுக்குக் கூலிகளாக வந்தவர்கள்தாமே?' என்று நம் பிள்ளைகள் கேட்பதுண்டு. அதுவும் உண்மை, அதில் தலைகுனிய ஒன்றுமில்லை. ஆனால் அது முழுக்கதை அல்ல. சுமத்திராவின் பாருஸ் அருகே லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் அங்கு இயங்கியதைக் காட்டுகிறது. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா சிறுவயதில் தமிழும் படித்தார். அக்காலத்தில் அந்நகரின் வணிகத்திற்கும் கணக்குக்கும் தமிழ் தேவைப்பட்டது. நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடி என்று போற்றப்படுபவர் அவர்.

ஒரு குளமும் அதன் காவலர்களும்

மலாயில் குளத்தைக் 'கோலாம்' என்கிறார்கள். நீச்சல் குளமும் 'கோலாம்'தான். இதுவும் தமிழ்க் குளமே என்பது அகராதிகளின் கருத்து. இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தென் தாய்லாந்தின் தக்குவாபா நினைவுக்கு வரும். அங்குக் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தைப் பற்றியது. குளத்தின் பெயர் அவனிநாரணம். 'அவனிநாரணன்' என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயர். அக்குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினர் உள்ளிட்டோரின் காவலில் ஒப்படைத்ததாகக் கல்வெட்டு கூறுகிறது.

கடல் கடந்த மண்ணில் ஒரு தருமம். அதற்கு ஒரு பெயர். அதைக் காக்க ஒரு குழு. இவற்றை மறவாதிருக்க ஓர் எழுத்து. இன்று நம் அறநிலையம் செய்வதும், இம்மலர் செய்வதும் வேறென்ன? நாம் செய்வது நேற்றுத் தொடங்கிய வேலை அல்ல.

பாட்டியின் தமிழ்

கொடுத்தது போலவே வாங்கியும் இருக்கிறோம். "விடியக்காலையில பெரட்டுக்குப் போயி, மண்டோர் சொன்ன நெரையில கித்தா மரம் வெட்டி, மங்குல வடிஞ்ச பாலை எடுத்துக் கொடுத்துட்டுத்தான் லயத்துக்கு வருவோம்" என்று தோட்டத்துப் பாட்டி ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். பெரட்டு, ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் ஆங்கிலப் 'பரேட்'. மண்டோர், ஏவல் செய்பவனைக் குறிக்கும் போர்த்துகீசிய 'மண்டடோர்'. கித்தா, மலாயின் 'கெத்தா'. மங்கு, மலாயின் 'மங்கோக்'. லயம், ஆங்கில 'லைன்'. ஒரே வாக்கியத்தில் நான்கு மொழிகள்!

இதைக் கொச்சைத் தமிழ் என்று இளையோர் நகைக்கிறார்கள். நானோ இதை ஒரு கல்வெட்டாகவே கருதுகிறேன். யாரிடம் வேலை செய்தோம், யாரோடு வாழ்ந்தோம் என்பதெல்லாம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரே வேறுபாடு: கல் ஆயிரம் ஆண்டு நிற்கும், பாட்டி நிற்கமாட்டார். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பெரட்டுக் களம் போனபின் பெரட்டு என்ற சொல்லுக்கு ஏது வீடு?

போய்த் திரும்பி வந்த சொல்லும் உண்டு. நம் 'கிடங்கு' மலாயில் 'கூடாங்' ஆகி, ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆகி, 'குடோன்' என்று நம்மிடமே வந்து சேர்ந்தது என்பர். ஊர் சுற்றிவிட்டு வந்த பிள்ளையை அடையாளம் தெரியாமல் வாசலில் நிறுத்தி, 'யாரப்பா நீ?' என்று கேட்கிறோம்.

திருவிழா முடிவில் பூசைப் பொருள்களை ஏலம் விடுகிறோமே, அந்த 'ஏல'மும் பக்கத்துக் கடைக்காரர் சொல்லும் 'லேலோங்'கும் போர்த்துகீசிய 'லெய்லாவ்' என்ற ஒரே தாயின் மக்கள். ஆனால் ஏலம் விட்ட பொருள் நம் கையை விட்டுப் போய்விடும். சொல் அப்படியல்ல. கடை என்ற சொல்லை மலாய்க்குக் கொடுத்ததால் தமிழுக்குக் கடை இல்லாமல் போகவில்லை. கொடுத்தவனுக்கும் குறையாத தருமம் அது ஒன்றே.

ஒரு வேண்டுகோள்

பக்தர்களிடமும் கொடையாளர்களிடமும் இவ்வாண்டு இன்னொரு நன்கொடையும் கேட்கிறேன். இதற்கு இரசீது இல்லை, செலவும் இல்லை. உங்கள் வீட்டில் தோட்ட வாழ்க்கை கண்ட பெரியவர்கள் இருந்தால், பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் அமரச் செய்யுங்கள். இன்று வழக்கில் இல்லாத பத்துச் சொற்களைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், எந்த வேலை, யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதட்டும். ஆலய அலுவலகத்தில் கொடுத்தால் தொகுத்து வைப்பது என் பொறுப்பு.

குளம் வெட்டியவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் வெட்டிவைத்த எழுத்தால் இன்று அவர்களை அறிகிறோம். நம்மைப் பற்றியும் நாளை ஒருவன் அறிய விரும்பக்கூடும். அவனுக்கு நாம் செய்து வைக்கக்கூடிய தருமம் இது.

எல்லாருக்கும் இறையருள் பெருகட்டும்.