கண்கண்ட சாட்சியும் வரலாறும் – ஹிரோசிமா 1945

க.பொ.த. (சா/த) வரலாறு

மாணவர்களே! ஹிரோசிமா என்றதும் திகதியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அன்று அங்கே இருந்தவர்கள் சொன்னவையும் வரலாற்று மூலாதாரங்களே.

1. மனதில் வைக்க வேண்டியவை
• 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15 – ஹிரோசிமா (யுரேனியக் குண்டு)
• 1945 ஆகஸ்ட் 9, முற்பகல் 11.02 – நாகசாகி (புளுட்டோனியக் குண்டு)
• 1945 முடிவதற்குள் இறந்தோர் – ஹிரோசிமாவில் ஏறத்தாழ 1,40,000. நாகசாகியில் ஏறத்தாழ 74,000

2. ஒரு சாட்சி
அன்று ஹிரோசிமாவில் மலாயாவைச் சேர்ந்த மூன்று முஸ்லிம் மாணவர்கள் கல்வி கற்றுக்கொண்டிருந்தனர். அவர்களுள் அப்துல் ரசாக், குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 1.5 கி.மீ. தூரத்தில் வகுப்பறையில் இருந்தார். கட்டடம் இடிந்து விழுந்தது. அவர் உயிர் தப்பினார். நிக் யூசுப் ஹிரோசிமாவிலேயே இறந்தார். அன்று தப்பிய செய்யித் உமர், நான்கு வாரங்களின் பின் செப்டெம்பர் 3 இல் கியோட்டோ நகரில் இறந்தார். நாடு திரும்பிய ரசாக் ஆசிரியரானார். 2013 இல் காலமாகும்வரை தாம் கண்டதைப் பலருக்கும் எடுத்துச் சொன்னார்.

3. சாட்சியத்தின் பயனும் எல்லையும்
பயன்: எண்ணிக்கை சொல்லாததைச் சாட்சி சொல்வார். 1,40,000 என்பது ஒரு தொகை; "என்னோடு படித்தவர் இறந்தார்" என்பது ஒரு மனிதரின் இழப்பு.
எல்லை: சாட்சிக்குத் தாம் நின்ற இடம் மட்டுமே தெரியும். தப்பியவர் நான்கு வாரம் கழித்து ஏன் இறந்தார்? கதிர்வீச்சு என்ற காரணத்தை மருத்துவ ஆய்வுகளே விளக்கின. எனவே சாட்சியத்தை ஏனைய ஆதாரங்களுடன் ஒப்பிட வேண்டும்.

4. பாதுகாப்பு
அமெரிக்கப் படையினரின் ஆட்சிக் காலத்தில் யப்பானில் குண்டு பற்றிய எழுத்துக்கள் தணிக்கைக்குட்பட்டன. 1952 இல் அவ்வாட்சி முடிந்த பின்னரே பல சாட்சியங்கள் தடையின்றி வெளிவந்தன. 1955 இல் திறக்கப்பட்ட ஹிரோசிமா சமாதான நினைவு அருங்காட்சியகம், உயிர் தப்பியோரின் வாக்குமூலங்களையும் அவர்கள் வரைந்த சித்திரங்களையும் பாதுகாக்கின்றது.

5. மாதிரி வினா
கண்கண்ட சாட்சியம் முதலாம் நிலை மூலாதாரமாகக் கொள்ளப்படுவது ஏன்?
விடை: நிகழ்வை நேரில் கண்டவர் கூறுவதாலாகும். எனினும் ஞாபக மறதி, ஒருபக்கப் பார்வை என்பன இருக்கக்கூடும் என்பதால் ஏனைய ஆதாரங்களுடன் ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

செயற்பாடு
2004 டிசம்பர் 26 இல் சாய்ந்தமருதுக் கடற்கரையில் சுனாமியைக் கண்டவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். உம்மா, வாப்பா அல்லது அயலவர் ஒருவரிடம், அவர் சொல்ல விரும்பினால் மட்டும், கேட்டு எழுதுங்கள். அவர் நின்ற இடம், நேரம், நீங்கள் எழுதிய திகதி ஆகியவற்றையும் குறியுங்கள். இன்று எழுதாவிட்டால் அந்தச் சாட்சியம் அவரோடு போய்விடும்.